பொட்டு வைத்த இரும்புக் குச்சிகள்

சித்தப்பாவுக்குக் கல்யாணமான புதிதில் அவரும் சித்தியும் பேசிக்கொண்டதெல்லாம் என் வாய் வழியாகத்தான். "உங்க சித்திகிட்ட வெந்நீர் ஆச்சான்னு கேளு" என்பார் கொல்லையிலிருந்து. நான் அடுப்படிக்கு ஓடுவேன். "ஆச்சுன்னு சொல்லு" என்பாள் சித்தி. திரும்பக் கொல்லைக்கு ஓடுவேன். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு கதவு, அதுவும் சாத்தாத கதவு. ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. ஆனாலும் நான் போய்ச் சொன்ன பிறகுதான் அது சொன்னதாகக் கணக்கு. நாலாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பதவி என்ன வேண்டும்? கால் தரையில் பாவாமல் திரிந்தேன்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. அப்பா டவுன் பஸ் கண்டக்டர். வீட்டிலும் "உள்ள போ, உள்ள போ" என்றுதான் எங்களைச் சாப்பிடக் கூப்பிடுவார். சித்தப்பா, அப்பாவின் தம்பி, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து மொபெட்டில் வந்து இறங்கியதும் ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கொல்லையிலிருந்த தகரக் கொட்டகைக்குள் போய்விடுவார். அதுதான் அவருடைய சொந்தப் பட்டறை. ஒரு சின்ன லேத், இரும்பைக் கடித்துப் பிடிக்கிற ஒரு வைஸ், ஒரு டிரில்லிங் மெஷின், சுவர் முழுக்க வரிசையாக மாட்டிய ஸ்பேனர்கள்.

திருச்சியில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் கல்லை ஒட்டிப் பிடித்துக்கொள்வதற்கு விரல் நீளத்தில் இரும்புக் குச்சி வேண்டும். அதைத்தான் சித்தப்பா செய்து கொடுப்பார். குச்சி வெறும் இரும்பாகப் பளபளவென்று இருந்தால் விளக்கு வெளிச்சம் பட்டு வேலை செய்கிறவர் கண் கூசும். தண்ணீர் பட்டுக்கொண்டே இருப்பதால் துருவும் பிடிக்கும். அதனால் கடைசியில் குச்சிக்குக் கறுப்பு ஏற்ற வேண்டும். சித்தப்பா கறுப்பு ஏற்றினால் காக்கைச் சிறகு மாதிரி, மேலே கை வைத்தால் வழுக்கும். அந்த விஷயத்தில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

கோபமும் அப்படித்தான். அப்பா ஒரு தடவை அவருடைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெயிண்ட் டப்பா மூடியை நெம்பிவிட்டார். அண்ணன் என்றும் பாராமல் சித்தப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமா சுவருக்கு மேல் தலையை நீட்டி, என்ன இடிந்து விழுந்தது என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகைப் பக்கம் யாரும் வாலாட்டுவதில்லை. எனக்கு மட்டும் வாசல் வரைக்கும் அனுமதி உண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு.

சித்தி வையம்பட்டிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். வாய் நிறையப் பேச்சு, வீடு நிறையச் சிரிப்பு. அவள் தலை பின்னிவிட்டால் எனக்கு வலிக்கவே வலிக்காது; ஊரில் அவள் வளர்த்த ஆடுகளின் குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே பின்னி முடித்துவிடுவாள். எனக்குச் சித்தி என்றால் உயிர். ஆனால் மொபெட் சத்தம் வாசலில் கேட்டால் போதும், அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. சித்தப்பா அவளை நிமிர்ந்து பார்க்க மாட்டார். அவள் குடம் தூக்கி வந்தால் இவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிடுவார், பஸ்ஸில் தெரியாத பெண்பிள்ளைக்கு விடுவதுபோல.

ஆயுத பூஜைக்குச் சில நாட்களுக்கு முன்னால் சித்தி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"அவருக்கு என்னைப் பிடிக்கலக்கா. நேரா ஒரு வார்த்தை கிடையாது. நானும் எத்தனை நாளைக்குத்தான் இந்தப் புள்ளைகிட்டயே குடித்தனம் பண்றது? பூஜை முடிஞ்சதும் எங்கண்ணன் வரும். கொஞ்ச நாள் ஊர்ல இருந்துட்டு வரேன்."

"தம்பிக்குக் கூச்சம்டி. மனசுல ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா. சொன்ன அம்மாவுக்கே அதில் பாதிதான் நம்பிக்கை என்பது குரலில் தெரிந்தது.

நான் போய்ச் சித்தியின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எல்லாச் சேலையும் உள்ளே இருந்தது. சீப்பு, சாந்துப் பொட்டு, சுவரில் மாட்டியிருந்த அவளுடைய அப்பா அம்மா போட்டோ, எல்லாம் இருந்தது. கொஞ்ச நாளைக்குப் போகிறவள் போட்டோவையா எடுத்துக்கொண்டு போவாள்? யாரிடமும் சொல்லாமல் பெட்டியை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

பூஜைக்கு முதல் நாள் சித்தப்பா குச்சிகளைத் தயார் பண்ணினார். ஒவ்வொன்றையும் உப்புத்தாளால் தேய்த்து, சோடா உப்புப் போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்து, கையால் தொடாமல் கம்பியில் கோத்துக் கொடியில் தொங்கவிட்டார். கறுப்பு ஏற்றும் வேலையில் பாதி இந்தச் சுத்தம்தான். விரல் பட்டால் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் கறுப்பு ஏறாமல் திட்டுத் திட்டாக நிற்கும். பூஜை அன்றைக்குக் கருவிகளைத் தொட்டு வேலை செய்யக் கூடாது. விஜயதசமி காலையில் முதல் வேலையாகக் கறுப்பு ஏற்றிவிட்டால் மறுநாள் ஒப்படைத்துவிடலாம் என்பது அவர் போட்ட திட்டம்.

"யாரும் உள்ள போகக் கூடாது. ஒரு விரல் படக் கூடாது. பட்டுச்சு, அவ்வளவுதான்" என்று அம்மாவிடம் சொன்னார், அப்பாவிடம் சொன்னார், என்னிடம் இரண்டு தடவை சொன்னார். சித்தி அப்போது பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அவள் வந்த பிறகு அவளிடம் யார் சொல்வது? சித்தப்பா என்னையும் அனுப்பவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று எல்லோரும் இருந்துவிட்டோம்.

பூஜை அன்று காலையில் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் நடக்கும் பூஜைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சித்தப்பா சொன்னார். நான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால், எனக்கு முன்னால் சித்தி நிற்கிறாள். மயில்கழுத்து நிறத்தில் பட்டுச் சேலை, தலை கொள்ளாமல் பூ. அவளை யாரும் வரச்சொல்லியிருக்கவில்லை. ஆனால் அங்கே எல்லோரும் குடும்பத்தோடு வருவார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

"அவளையும் கூட்டிட்டுப் போங்களேன் தம்பி" என்றாள் அம்மா.

"அங்க ஒரே கூட்டமா இருக்கும் அண்ணி" என்று மொபெட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சித்தப்பா பெடலை மிதித்தார். வண்டி சந்து திரும்பும்போது நான் எட்டிப் பார்த்தேன். சித்தி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். பொன்மலை போய்ச் சேரும் வரைக்கும் எனக்குச் சித்தப்பாவின் முதுகில் ஒரு குத்து விடலாமா என்றிருந்தது.

அங்கே ஆளுயரச் சக்கரங்களுக்கெல்லாம் மாலை, சந்தனம், குங்குமம். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது சித்தப்பாவின் சிநேகிதர் ஒருவர் கேட்டதுதான். "என்னப்பா, வீட்டுக்காரம்மாவக் காணோம்? புதுப் பொண்டாட்டிய வீட்ல விட்டுட்டு அண்ணன் பொண்ணத் தூக்கிட்டு வந்திருக்கான் பாரு!" சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோர் பக்கத்திலும் அவரவர் மனைவிமார் நின்றார்கள். சித்தப்பாவும் சிரித்தார், பல் வலிக்காரர் சிரிப்பதுபோல. திரும்பும் வழியில் ஒரு பூக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி இரண்டு முழம் மல்லிகை வாங்கினார். இலையில் கட்டிய பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "உங்க சித்திகிட்ட குடுத்துடு" என்றார். சரி, வழக்கமான வேலைதானே என்று மடியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கொல்லையில் கால் கழுவப் போனவர் அப்படியே நின்றார். நான் அவர் இடுப்பு வழியாக எட்டிப் பார்த்தேன்.

கொட்டகை தலைகீழாக மாறியிருந்தது. தரை மெழுகிக் கோலம் போட்டிருந்தது. லேத்துக்குப் பட்டை பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். வைஸுக்குப் பொட்டு. சுத்தியலுக்குப் பொட்டு. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பொட்டு. பழைய எஞ்சின் ஆயில் ஊற்றி வைத்திருந்த டப்பாவுக்கும், மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்துக்கும் பொட்டு. கொடியில் தொங்கிய குச்சிகள் அத்தனைக்கும், ஒன்று பாக்கியில்லாமல், நட்டநடுவில் வட்டமாகச் சந்தனமும் அதற்குள் குங்குமமும்.

"ஐயையோ! அதைத் தொடவே கூடாதே!" என்று அலறினேன். அந்தக் காலத்தில் எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. இப்போதும் அப்படித்தான் என்கிறார்கள்.

கரண்டியும் கையுமாக அம்மா ஓடிவந்தாள். அப்பா செய்தித்தாளை மடித்துக்கொண்டு எழுந்தார். சித்தி அடுப்படிக் கதவோரம் நின்றாள். காலையில் கட்டிய அதே பட்டுச் சேலை, முந்தானையெல்லாம் சந்தனம். தான் ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்டோம் என்று எங்கள் மூஞ்சிகளைப் பார்த்தே புரிந்துகொண்டாள். இப்போது சித்தப்பா ஒரு சத்தம் போடுவார், சித்தி உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்குவாள், அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

சித்தப்பா குச்சிகளைப் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரு வெச்சது?"

"நாந்தாங்க" என்றாள் சித்தி. நிறுத்தாமல் சொன்னாள். "எங்க வீட்ல மம்பட்டி, அருவா, கடப்பாரை எல்லாத்துக்கும் வெப்போம். ஒண்ணை விட்டாலும் அது மனசு நொந்துக்கும்னு எங்கப்பா சொல்லும். நீங்க தெனமும் இதுங்களோடதானே இருக்கீங்க... அதான், ஒண்ணையும் விடக் கூடாதுன்னு..."

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. நடுவில் நான் நிற்கிறேன், என்னிடம் சொல்லி அனுப்பவில்லை. எனக்கே அது கொஞ்சம் முறை தவறியதாகப் பட்டது.

சித்தப்பாவின் கழுத்து நரம்பு ஒரு தடவை புடைத்து அடங்கியது. பிறகு சொன்னார்.

"நல்லா இருக்கு."

அம்மாவின் கையிலிருந்த கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டியது. சித்தப்பா திரும்பினார். நான் மல்லிகைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தயாராக இருந்தேன். அதை என் கையிலிருந்து அவரே வாங்கினார். நாலு எட்டு நடந்து போய்ச் சித்தியிடம் நீட்டினார். "கடையில நின்னுச்சு... வாங்கிட்டு வந்தேன்" என்று உளறினார். பூவா நின்றது, வண்டியா நின்றது, அவருக்கே தெரியாது.

மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் சித்தப்பா குச்சிகளை எல்லாம் இறக்கி மறுபடி சோடா உப்புத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! அடுப்பு பக்கத்திலேயே இருந்தது. சோடா உப்பு டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவரோ நேராகக் குச்சியைப் பொட்டோடு குறட்டால் பிடித்துத் தீயில் காட்ட உட்கார்ந்துவிட்டார். சித்தி காப்பி கொண்டுவந்து வாசலிலேயே நின்றாள்.

"பாக்கணும்னா உள்ள வந்து பாரேன்" என்றார். நான் உள்ளே காலை வைத்தேன். "உன்னைச் சொல்லல" என்றார்.

சித்தி உள்ளே போனாள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் வாசலிலேயே உட்கார்ந்தேன்.

தீயில் இரும்பு நிறம் மாறுவது பார்க்கப் பார்க்கச் சலிக்காது. முதலில் வைக்கோல் நிறம் வரும். பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம். அதற்கடுத்துச் சட்டென்று ஒரு நீலம் ஓடும்.

"ஐயே, மயில்கழுத்து! நேத்து நான் கட்டுனது!" என்று சித்தி கத்திவிட்டாள்.

"தெரியும். பாத்தேன்" என்றார் சித்தப்பா, குச்சியைப் பார்த்துக்கொண்டே. அப்புறம் அதை எண்ணெயில் முக்கினார். சுர்ரென்று புகை கிளம்பிச் சுவரைத் தாண்டியது. அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு மாமா, "என்னப்பா, விஜயதசமிக்கு ஹோமமா? சொல்லிருந்தா நானும் வந்து உக்காந்திருப்பேனே!" என்று இருமினார்.

சித்தப்பா குச்சியை வெளியே எடுத்துத் துணியால் துடைத்தார். நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். குச்சி முழுக்கக் கறுப்பு. நடுவில் மட்டும், சந்தனம் இருந்த இடத்தில், வெளுத்துப்போய் ஒரு வட்டம்.

"சித்தப்பா! கறுப்பு ஏறல! நடுவுல வெள்ளையா நிக்குது!"

"தெரியுது. நீ சும்மா இரு."

சித்தி குச்சியை உற்றுப் பார்த்தாள். "இது இப்படித்தான் இருக்குங்களா?"

"இப்படியும் இருக்கும்" என்றார்.

இரண்டாவது குச்சி வந்தது. அதிலும் வட்டம். மூன்றாவதிலும் வட்டம். நிறுத்துவார், நிறுத்துவார் என்று பார்த்தேன். மனிதர் அசையவில்லை. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் தீயில் காட்டினார், எண்ணெயில் முக்கினார். கடைசியில் கொஞ்சம் குச்சிகளைச் சித்தியே குறட்டால் பிடித்து முக்கினாள். புகை கண்ணில் பட்டுக் கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். மொபெட் சத்தம் கேட்டால் காணாமல் போகிற அந்தச் சிரிப்பு அன்றைக்குத்தான் சித்தப்பாவுக்கு முன்னால் முதன்முதலாக வெளியே வந்தது. வரிசையாகப் பரப்பி வைத்த குச்சிகள் எல்லாம் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் மாதிரி கிடந்தன.

அன்று சாயங்காலம் வையம்பட்டியிலிருந்து சித்தியின் அண்ணன் வந்தார். பெட்டியை எடுக்கப் போவாளோ என்று நான் அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். சித்தி புடவையெல்லாம் ஆயில் கறையோடு வந்து அவருக்குப் பொரிகடலை வைத்தாள். "இப்ப வரலண்ணே. தலை தீபாவளிக்கு ரெண்டு பேருமா வரோம்னு அம்மாகிட்ட சொல்லு" என்றாள். அவர் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

குச்சிகளை மறுநாள் ஒப்படைக்க முடியவில்லை. குச்சி கேட்டிருந்த வைரக்கல் பட்டறைக்காரர் போனில் கத்தியது எனக்கே கேட்டது. அவர் நாலு கத்து கத்தினால் எட்டாகத் திருப்பிக் கொடுக்கிற சித்தப்பா, "வேலை கொஞ்சம் கெட்டுப்போச்சுங்க. என் தப்புதான். ஒரு வாரம் குடுங்க" என்று தணிந்து சொன்னார். பிறகு தினமும் ஷிப்டுக்குப் போகும் முன்னால் கொட்டகையில் உட்கார்ந்து, ஒவ்வொரு குச்சியாக உப்புத்தாளால் கறுப்பைத் தேய்த்து எடுத்தார், மறுபடி ஏற்றுவதற்கு. முதல் நாள் காப்பி கொண்டுபோன சித்தி அதைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம் கீழே உட்கார்ந்து தானும் ஒரு உப்புத்தாளை எடுத்துக்கொண்டாள். தேய்க்கிற சத்தத்துக்கு நடுவில் ஓயாமல் பேச்சுச் சத்தம் கேட்டது. அந்த ஆடுகளின் கதைதான். எனக்குச் சொன்ன அதே கதை.

வைத்தவள் கண்ணெதிரில், அதுவும் விஜயதசமி காலையில், அந்தப் பொட்டைக் கழுவ அவருக்கு மனசு வரவில்லை என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. சித்தப்பாவுக்குத் தொழில் மறந்துவிட்டது. சோடா உப்பு டப்பா பக்கத்தில் இருந்தும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் வாயாலேயே தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டுவிட்டார். இதெல்லாம் போதாதென்று என் பதவியும் போய்விட்டது. "சித்திகிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று நானாகப் போய்க் கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா, நீ போய் வெளையாடு" என்றார்கள், இரண்டு பேரும் ஒரே குரலில். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கி, ரங்கநாதரிடம் உருகி உருகி வேண்டிக்கொண்டேன். பெருமாளே, சித்தப்பாவுக்குப் புத்தி கெட்டுப்போச்சு. அவரைப் பழையபடி ஆக்கிவிடு. பழையபடி அவர் எல்லாவற்றையும் என்னிடமே சொல்லி அனுப்ப வேண்டும். கண்ணைத் திறந்து பார்த்தேன். நல்ல வேளை, பெருமாள் எப்போதும்போல் நிம்மதியாகப் படுத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.